குளிர்காலத்தில் நீஸ் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில், இத்தாலி எல்லையை ஒட்டி, மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர் நீஸ். நவம்பர் முதல் மார்ச் வரை விமானக் கட்டணமும் அறை வாடகையும் இறங்கும்போது, ஊரிலிருந்தும் பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் நம் ஆட்கள் கேட்கும் கேள்விகள் இவை. கடல் என்றாலே கோடை என்று நினைப்பவர்களுக்காகச் சில பதில்கள் கொஞ்சம் நீண்டுவிட்டன.

குளிர்காலத்தில் போய் கடலோர ஊரில் என்ன செய்வது?

நீஸ் வளர்ந்ததே குளிர்காலத்தில் வந்து தங்கியவர்களால்தான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இங்கிலாந்தின் வசதியான குடும்பங்கள் தங்கள் ஊர் இருட்டுக்கும் ஈரத்துக்கும் தப்பி, இலையுதிர் காலத்தில் இங்கே வந்து வசந்தத்தில் திரும்பின. காசநோய்க்கு மருந்து இல்லாத காலம். நீஸ் வெயிலில் போய் இருங்கள் என்று மருத்துவர்களே அனுப்பிவைத்தார்கள். இன்று எல்லாப் படங்களிலும் தெரியும் அந்தக் கடலோர நடைபாதை, புரோமனாத் தெஸாங்லே, 1820களில் போடப்பட்டது. வேலையில்லாமல் தெருவில் நின்ற ஏழைகளுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று லூயிஸ் வே என்ற ஆங்கிலப் பாதிரியார் பணம் கொடுத்துப் போட வைத்தார். பெயரிலேயே ஆங்கிலேயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

1860இல் நீஸ் பிரான்ஸோடு சேர்ந்தது. 1864இல் ரயில் வந்தது. அதன் பிறகு கூட்டம் பெருகியது. ரஷ்ய அரச குடும்பம் வந்தது. பட்டத்து இளவரசர் நிக்கோலாய் 1865இல் இங்கேதான் இறந்தார். அவர் இறந்த வீடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் 1912இல் எழுந்ததுதான் வெங்காயக் குமிழ் கோபுரங்களோடு நிற்கும் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் பேராலயம். விக்டோரியா மகாராணி சிமியே குன்றில் தங்கிய ரெஜினா ஓட்டல் 1897இல் திறந்தது. அந்தக் காலத்தில் பெரிய ஓட்டல்கள் கோடையில் கதவைச் சாத்திவிடும். வெயிலில் யார் வருவார்கள்? கோடைக் கூட்டம் என்பது 1920களில் மெல்லத் தொடங்கி, 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கிடைத்த பிறகு பெருகியது. 2021இல் யுனெஸ்கோ நீஸை உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தபோதும், ரிவியேரா என்ற இந்தக் கடற்கரைப் பகுதியின் குளிர்கால வாசஸ்தலம் என்றுதான் பதிவு செய்தது.

ஆகவே ஆஃப் சீசனில் போகிறோமே என்று தயங்க வேண்டாம். இந்த ஊரின் பழைய சீசனில்தான் போகிறீர்கள்.

எவ்வளவு குளிரும்?

ஜனவரியில் பகலில் 13 டிகிரி, இரவில் 5 அல்லது 6 டிகிரி. ஊருக்குள் பனி விழுவது அபூர்வம். வடக்கே ஆல்ப்ஸ் மலை சுவராக நின்று குளிர்காற்றைத் தடுப்பதும், கோடை வெப்பத்தைக் கடல் மெதுவாக விடுவதும்தான் காரணம்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நீஸில் குளிர் என்பது நீங்கள் தெருவின் எந்தப் பக்கம் நடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காற்றில்லாத நாளில், கடலோர நீல நாற்காலியில் தெற்கு நோக்கி உட்கார்ந்தால் பதினைந்து நிமிஷத்தில் ஜாக்கெட்டைக் கழற்றத் தோன்றும். எழுந்து பழைய ஊரின் சந்துக்குள் நுழைந்தால், வெயில் படாத கல்சுவர்கள் விடும் சில்லிப்பில் மறுபடி கழுத்து வரை ஜிப்பை இழுப்பீர்கள். மாலை ஐந்து மணிக்குச் சூரியன் மறைந்ததும் வெப்பம் சட்டென்று இறங்கும். டிசம்பரில் பகல் ஒன்பது மணி நேரம்தான். எனவே வெளியே சுற்றுவது பத்திலிருந்து நான்கு, உள்ளே பார்ப்பவை அதற்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில், ஐஸ்லாந்து போகிறவர் போலப் பெரிய கோட் வேண்டாம். பனியன், ஸ்வெட்டர், காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் என அடுக்கடுக்காகப் போடுங்கள். கறுப்புக் கண்ணாடி அவசியம். குளிர்கால வெயில் தாழ்வாக வந்து நேரே கண்ணில் அடிக்கும்.

எந்த மாதம் நல்லது?

என் ஓட்டு ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை. மழை குறைந்திருக்கும், கூட்டம் இருக்காது, வாடகை அடிமட்டத்தில் இருக்கும், மலைச்சரிவுகளில் மிமோசா மஞ்சளாகப் பூத்திருக்கும். கடைகளில் அரசு அனுமதிக்கும் குளிர்காலத் தள்ளுபடியும் அப்போதுதான்.

அக்டோபரும் நவம்பரும் மழை மாதங்கள். நாள் முழுக்கத் தூறுவது கிடையாது, கொட்டினால் கொட்டும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை இருக்கும், கடைசி இரண்டு வாரம் பள்ளி விடுமுறை, விலையும் ஏறும். பிப்ரவரி நடுவில் கார்னிவல் என்ற ஊர்வலத் திருவிழா தொடங்கும்; அதற்கென்றே போகாவிட்டால் அந்த இரண்டு வாரத்தைத் தவிர்க்கலாம். மார்ச் இதமானது, ஆனால் பக்கத்து கான் நகரில் நடக்கும் பெரிய வணிகக் கண்காட்சி நாட்களில் இந்தக் கடற்கரை முழுவதும் அறை விலை எகிறும்.

மழை பெய்து கெடுத்துவிட்டால்?

ஓவியர் மத்தீஸ் 1917 டிசம்பரில் நீஸுக்கு வந்தபோது நாள் கணக்கில் மழை விடவே இல்லை. ஓட்டல் அறையில் அடைந்து கிடந்து, வெறுத்துப்போய்க் கிளம்பத் தயாரானார். காற்று வீசி மேகம் கலைந்தது. மறுநாள் வெளிச்சத்தைப் பார்த்தவர் தங்கிவிட்டார். 1954இல் இறந்ததும் இந்த ஊரில்தான். உங்களுக்கு அவ்வளவு அவகாசம் இருக்காது என்பது தெரியும். இருந்தாலும் மழைக்கு மறுநாள் காலை எழுந்து கடற்கரைக்குப் போய்விடுங்கள். காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும். மிகத் தெளிவான குளிர்காலக் காலைகளில், சூரியன் எழுவதற்குச் சற்று முன் உயரமான இடத்திலிருந்து பார்த்தால், கடலுக்கு அப்பால் கோர்சிகா தீவின் மலைகள் தெரியும். கோடையில் புழுக்க மூட்டத்தில் இது வாய்ப்பது அரிது.

மழை நாளுக்கு: சிமியேயில் மத்தீஸ் அருங்காட்சியகம், அங்கிருந்து இறங்கும் வழியில் ஓவியர் ஷகாலின் அருங்காட்சியகம். இரண்டுக்கும் செவ்வாய் விடுமுறை. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே மூடிவிடுவார்கள். நவீன கலைக்கான மாமாக் அருங்காட்சியகம் 2024 ஜனவரியில் புதுப்பிப்பு வேலைக்காக மூடப்பட்டது, நான்கு வருஷ வேலை என்று சொல்லி. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கடலில் குளிக்க முடியுமா?

தண்ணீர் 13, 14 டிகிரி. உள்ளூர்ப் பெரியவர்கள் சிலர் தினமும் இறங்குவார்கள், கிறிஸ்துமஸை ஒட்டிக் கூட்டமாக இறங்கும் வழக்கமும் உண்டு. நமக்குக் கால் நனைப்பதே போதும். அதற்கும் ரப்பர் செருப்பு வேண்டும்: நீஸ் கடற்கரையில் மணல் இல்லை, உருண்டைக் கூழாங்கற்கள்தான். மணல் தேவை என்றால் ஆந்தீப் அல்லது வீல்ஃபிரான்ஷ் போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. புயல் நாட்களில் அலை அந்தக் கற்களை அள்ளி நடைபாதை மேலேயே வீசும். காவலர்கள் கயிறு கட்டித் தடுத்திருந்தால் படம் எடுக்க உள்ளே போகாதீர்கள்.

ஊரே மூடிக் கிடக்குமா?

நீஸில் மூன்றரை லட்சம் பேர் வசிக்கிறார்கள். பள்ளி, பல்கலைக்கழகம், நீதிமன்றம், சந்தை எல்லாம் நடக்கும் ஊர். கடற்கரையில் வாடகைக்குக் கட்டில் போடும் தனியார் இடங்கள் பலவும் இருக்காது, சில உணவகங்கள் ஜனவரியில் விடுமுறைக்கு மூடிக் கதவில் சீட்டு ஒட்டியிருப்பார்கள். அவ்வளவுதான். கூர் சலேயா சந்தையில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை பூவும் காய்கறியும், திங்களன்று பழம்பொருட்கள். டிசம்பர் 25, ஜனவரி 1 ஆகிய இரண்டு நாட்களில் மட்டும் பேருந்து, கடை எல்லாம் குறைவு. முந்தின நாளே சாப்பாட்டுக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே கேள்வியை சான் திரோப்பே பற்றிக் கேட்டால் பதில் வேறு. அங்கே ஜனவரியில் பாதி ஊர் தூங்கும். அதனால்தான் சிறிய கடலோர ஊர்களில் தங்காமல், நீஸில் தங்கி அங்கெல்லாம் பகலில் போய் வாருங்கள் என்கிறேன்.

அறை எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தெற்கு. முதலில் கேட்க வேண்டியது அறை எந்தத் திசை பார்க்கிறது என்பது. 19ஆம் நூற்றாண்டில் குளிர்கால விருந்தாளிகளும் இதையேதான் கேட்டார்கள். ரெஜினா போன்ற கட்டடங்கள் முகத்தைத் தெற்கே திருப்பி, குன்றின் மேல் நிற்பதற்குக் காரணம் அதுதான். அடுத்தது ஹீட்டர். பழைய ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் படத்தில் அழகாக இருக்கும். சந்து அகலம் இரண்டு கை நீட்டினால் தொடுமளவு, வெயில் எட்டாது, தடித்த சுவர் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோடையில் வரம், ஜனவரியில் தண்டனை. வயதானவர்களோடு போனால் ரயில் நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவே, டிராம் நிறுத்தம் பக்கத்தில், லிஃப்ட் உள்ள இடமாகப் பாருங்கள். கடலைப் பார்த்த அறை கோடையில் கைக்கு எட்டாத விலை. குளிர்காலத்தில் விசாரித்துப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

சைவம் கிடைக்குமா? பொதுவாக என்ன சாப்பிடலாம்?

சைவர்களுக்கு நீஸ், பாரிஸை விடச் சுலபம். சொக்கா என்று ஒன்று இருக்கிறது: கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. அகலமான வட்டத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் வேகவைத்து, கையால் பிய்த்து, மிளகுத்தூள் தூவிக் கொடுப்பார்கள். ஓரம் முறுகலாகவும் நடுவில் மெத்தென்றும், தோசைக்கும் அடைக்கும் நடுவில் நிற்கும். சூட்டோடு சாப்பிட வேண்டும், ஆறினால் ரப்பர். வரிசை இருக்கும் கடையில் நில்லுங்கள், வரிசை இல்லாத இடத்தில் தட்டு அப்போதே அடுப்பிலிருந்து வந்ததா என்று பாருங்கள். அதே மாவைக் கெட்டியாகக் கிளறி, வெட்டிப் பொரித்தால் பனீஸ். கீரை, உலர்திராட்சை, பைன் கொட்டை உள்ளே வைத்து மேலே சர்க்கரை தூவும் தூர்த் தெ பிளேத் என்ற பை (pie) கேட்க விசித்திரமாக இருந்தாலும் ருசியானது.

கவனிக்க வேண்டியது பிசலாதியேர். வெங்காயம் வதக்கி ரொட்டி மேல் பரப்பியது என்று சைவர்கள் நம்பி வாங்குவார்கள். அதில் நெத்திலி வகை மீன் இருக்கும். நீஸ் சாலட்டிலும் அதே மீன் உண்டு. ரவியோலி கேட்டால் பெரும்பாலும் உள்ளே மாட்டிறைச்சி.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது நல்ல பருவம். வைன் ஊற்றி மணிக்கணக்கில் வேகவைத்த தோப் என்ற மாட்டிறைச்சிக் குழம்பு, காற்றில் காயவைத்த காட் மீனைத் தக்காளி, ஆலிவ், உருளைக்கிழங்கோடு சமைக்கும் எஸ்தொக்காஃபிகாதா இரண்டும் குளிருக்கு ஏற்றவை. பின்னதன் வாசனை கருவாட்டுப் பிரியர்களைக் கூப்பிடும், மற்றவர்களை விரட்டும். ஆலிவ் அறுவடையும் குளிர்காலத்தில்தான். புது எண்ணெய் சந்தைக்கு வரும். ஜனவரியில் பேக்கரிகளில் மூன்று அரசர்கள் திருநாளுக்கான வளைய வடிவ இனிப்பு ரொட்டி, மேலே சர்க்கரையில் ஊறிய பழங்களோடு இருக்கும். உள்ளே ஒளித்து வைத்த சிறு பொம்மை பல்லில் சிக்கலாம், குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள்.

நேரம் முக்கியம். மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரை, இரவுச் சாப்பாடு 7 மணிக்கு மேல். நாலு மணிக்குப் பசித்தால் சொக்காவோ காபியோதான்.

கார்னிவல் பார்க்கத் தகுந்ததா?

இப்போதைய வடிவில் 1873இலிருந்து நடக்கிறது. பூவீச்சு ஊர்வலம் 1876இலிருந்து. அதையும் தொடங்கியது குளிர்கால விருந்தாளிகளை மகிழ்விக்கத்தான். பெரிய பொம்மை வண்டிகள் இரவில் விளக்கோடு வரும். பகலில் வண்டிகளிலிருந்து மிமோசாவையும் மற்ற பூக்களையும் கூட்டத்துக்கு வீசுவார்கள். எனக்குப் பிடித்தது பூ ஊர்வலம். இரண்டுக்கும் சீட்டு வாங்க வேண்டும், முன்பே எடுங்கள்.

அதே நாட்களில் மான்ட்டோன் நகரில் எலுமிச்சை விழா. 1934இலிருந்து நடக்கிறது. ஏறக்குறைய 140 டன் எலுமிச்சையும் ஆரஞ்சும் வைத்துச் சிலைகள் கட்டுவார்கள். அந்தப் பழங்களில் பெரும்பகுதி ஸ்பெயினிலிருந்து வருகிறது. மான்ட்டோன் எலுமிச்சை அருமையானது, விலை அதிகமானது, இப்படிக் கம்பியில் கட்டி வீணாக்க மனசு வராது. சந்தையில் ஒன்று வாங்கித் தோலோடு கடித்துப் பாருங்கள்.

சுற்றிப் பார்க்கக் கார் வேண்டுமா?

வேண்டாம். கடலோரமாக ஓடும் உள்ளூர் ரயிலே போதும். கிழக்கே மொனாக்கோ அரை மணிக்குள், மான்ட்டோன் முக்கால் மணிக்குள், ஒரு மணிக்குள் இத்தாலியின் வெந்திமிலியா. அங்கே வெள்ளிக்கிழமைச் சந்தை பெரியது. மேற்கே ஆந்தீப், கான் இரண்டும் அரை மணி, முக்கால் மணி. நீஸுக்கு அடுத்த வீல்ஃபிரான்ஷுக்கு ஏழெட்டு நிமிஷம். என்னைக் கேட்டால் மொனாக்கோவுக்கு அரை நாள் அதிகம், மான்ட்டோனுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். மலை பின்னால் நெருங்கி நிற்பதால் நீஸை விடவும் இதமான இடம். ஜனவரி 26 மாலை மொனாக்கோவில் இருந்தால், புனித தெவோத் ஆலயத்தின் முன் படகு ஒன்றைக் கொளுத்தும் சடங்கைப் பார்க்கலாம்.

இத்தாலிப் பக்கம் போகும்போது பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். இரண்டு நாடும் ஒரே விசாவில் போய்வரும் ஷெங்கன் பகுதிக்குள்தான் என்றாலும், திரும்பும் ரயிலில் பிரெஞ்சுப் போலீஸ் எல்லை நிலையத்தில் ஏறிச் சோதிப்பது வழக்கம். நம் நிறத்தவர்களிடம் கேட்காமல் போவது குறைவு.

விமான நிலையத்திலிருந்து இரண்டாம் எண் டிராம் நேராக ஊர் நடுவே வந்து துறைமுகத்தில் முடியும். டாக்ஸி தேவையில்லை.

பனி பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

நீஸின் வசதியே இதுதான். ஈசொலா 2000 என்ற பனிச்சறுக்கு ஊர் 90 கிலோமீட்டர் தூரம். பெயரில் உள்ளது அதன் உயரம், மீட்டரில். சீசனில் நீஸிலிருந்து பேருந்து உண்டு. காலையில் போய் விளையாடிவிட்டு மாலையில் கடற்கரைக்குத் திரும்பிவிடலாம். வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை, வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். சறுக்காவிட்டாலும் பனியில் உருள வாட்டர்ப்ரூஃப் பேன்ட்டும் கையுறையும் வேண்டும். ஜீன்ஸ் பத்து நிமிஷத்தில் நனைந்துவிடும்.

அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. கடலோர நடைபாதை ஏழு கிலோமீட்டர், சமதளம், உட்கார நாற்காலிகள் நிறைய. கோட்டைக் குன்றுக்கு இலவச லிஃப்ட் இருக்கிறது. கோட்டையை எதிர்பார்க்காதீர்கள், 1706இல் பதினான்காம் லூயி இடித்துவிட்டார், காட்சிக்காகத்தான் ஏறுவது. குளிர்காலத்தில் ஆறு மணிக்கே மூடுவார்கள். மதியம் 12 மணிக்கு அங்கிருந்து வெடிச்சத்தம் வரும், பயப்பட வேண்டாம். மனைவி சமைக்க மறந்துவிடுகிறாள் என்று, 1860களில் குளிர்காலம் கழிக்க வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் ஏற்பாடு செய்த பீரங்கி என்பது ஊர்க்கதை. இப்போது பட்டாசுதான்.

விசா, பயணம்?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா. பெரியவர்களுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். மொனாக்கோவுக்குத் தனி விசா கிடையாது.

பாரிஸிலிருந்து வருகிறவர்கள் கார் தெ லியோன் நிலையத்திலிருந்து பகல் ரயிலைப் பிடியுங்கள். ஆறு மணி நேரம் ஆகும். விமானம் வேகம்தான், ஆனால் சான் ரஃபாயேல் தாண்டியதும் எஸ்தெரெல் மலையின் சிவப்புப் பாறைகளும் நீலக் கடலும் மாறி மாறி வரும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை விமானத்தில் பார்க்க முடியாது. போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கு இருட்டிவிடும் என்பதால், மதியத்துக்குப் பிறகு புறப்படும் ரயிலில் இந்தக் காட்சி கிடைக்காது. 2021இலிருந்து ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து இரவு ரயிலும் மறுபடி ஓடுகிறது. அதில் வந்தால் விடிந்த பிறகுதான் கடலோரம் வருவீர்கள். ஒரு இரவு வாடகையும் மிச்சம்.

எத்தனை நாள் வேண்டும்?

ஊருக்கு மூன்று, அக்கம்பக்கத்துக்கு இரண்டு, மழைக்கு ஒன்று. வாரம் முழுக்க இருந்தால் ஒரு நாளை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுங்கள். பகல் சிறியது என்பதால் ஒரே நாளில் மொனாக்கோ, ஏஸ், மான்ட்டோன் என்று மூன்றையும் அடைக்கும் டூர் பேக்கேஜ்கள் குளிர்காலத்தில் சரிப்படாது. மூன்றாவது ஊர் வரும்போது இருட்டியிருக்கும்.